வயர்கார்டுக்கு மாறியதும் வேகம் கூடியது, நிலைத்தன்மை போய்விட்டது: எந்த விபிஎன் நெறிமுறை எதற்கு ஏற்றது?

நெடுவழி:

வணக்கம். வீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை ஒன்றைச் சர்வராக வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும்போது மடிக்கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் விபிஎன் (இணையத்தின் ஊடாகப் போகும், குறியாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை) வழியாக அதனுடன் இணைவது என் வழக்கம். பல ஆண்டுகளாக ஓப்பன்விபிஎன் மென்பொருளை டிசிபி (தொலைந்த தரவை மறுபடி அனுப்பும் நெறிமுறை) 443ஆம் போர்ட்டில் ஓடவிட்டிருந்தேன். அது தொல்லை எதுவும் தந்ததில்லை. ஆனால் பெரிய கோப்பு எதையாவது இறக்கினால் ஆமை வேகம்தான். சென்ற மாதம் வயர்கார்டு என்ற வேறொரு விபிஎன் நெறிமுறைக்கு மாறினேன். அதே இணைப்பில் அதே கோப்பை இறக்கிப் பார்த்தபோது வேகம் மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. மடிக்கணினியிலிருந்து சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிடும் முறை) வழியாக நுழைய முடிகிறது, சிறிய கட்டளைகளுக்குப் பதிலும் வருகிறது. ஆனால் நிறையக் கோப்புகள் உள்ள ஓர் அடைவைப் பட்டியலிடச் சொன்னால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. சில வலைத்தளங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. இன்னும் விசித்திரம் என்னவென்றால், சில இடங்களிலிருந்து இணைந்தால் இந்தக் கோளாறு அறவே இல்லை. கைப்பேசியில் வேறொரு சிக்கல்: சற்று நேரம் சும்மா கிடந்தால், சர்வரிலிருந்து வரவேண்டிய அறிவிப்புகள் வருவதில்லை, நானாக எதையாவது திறந்தால் உடனே எல்லாம் ஒன்றாக வந்து கொட்டுகின்றன.

வேகத்தைக் கைவிட்டுப் பழைய நெறிமுறைக்கே திரும்பிவிடலாமா, ஐகேஇவி2 என்ற இன்னொரு நெறிமுறையின் பக்கம் போகலாமா என்று புரியவில்லை. பாதுகாப்பில் இவற்றிடையே உண்மையான வேறுபாடு என்ன என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கெர்னல்காரன்:

நண்பரே, வேகத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் தவறான விளக்கங்கள் அதிகம் உலவுகின்றன. ஓப்பன்விபிஎன் கனமான குறியாக்கத்தைப் பயன்படுத்துவதால் மெதுவாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான கட்டளைகளைச் சிப்பிலேயே கொண்ட எந்தக் கணினியிலும் குறியாக்கம் ஒரு சுமையே இல்லை. நேரம் போவது பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) அலைச்சலில். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் முதலில் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் செல்கிறது, அங்கிருந்து டன் எனப்படும் மெய்நிகர் இடைமுகம் வழியாகச் சாதாரண நிரல்களுக்கான பயனர் வெளியில் ஓடும் ஓப்பன்விபிஎன் நிரலுக்கு வருகிறது, அங்கே குறியாக்கம் பெற்று, மறுபடியும் கெர்னலுக்குள் நுழைந்து வலையட்டைக்குப் போகிறது. இரண்டு முறை எல்லை தாண்டுகிறது, ஒவ்வொரு முறையும் நகலெடுக்கப்படுகிறது. இவ்வளவையும் ஒரே இழையில் ஓடும் ஒரே நிரல் செய்கிறது. உங்கள் பலகையில் நான்கு கருக்கள் இருந்தாலும் மூன்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஜேம்ஸ் யோனன் 2001இல் அதை வெளியிட்டபோது இது பெரிய குறையாக இருக்கவில்லை, ஏனென்றால் அன்றைய இணைய இணைப்புகளே மெதுவானவை.

வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலின் பகுதியாகவே இருக்கிறது. பாக்கெட் எல்லை தாண்ட வேண்டியதில்லை, குறியாக்கப் பணி எல்லாக் கருக்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்டு 2017இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் வயர்கார்டுக்கு நொடிக்கு 1011 மெகாபிட், ஓப்பன்விபிஎன்னுக்கு 258 மெகாபிட் என்று காட்டியிருந்தார். இந்த எண்களை இன்றும் வேதவாக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சோதனைகள் பழையவை, கறாராகச் செய்யப்பட்டவை அல்ல என்று வயர்கார்டு தளமே எழுதி வைத்திருப்பதை யாரும் படிப்பதில்லை.

உங்களுக்கு மூன்று மடங்கு கிடைத்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ராஸ்பெரி பை 4இல் ஏஇஎஸ் கட்டளைகள் சிப்பில் இல்லை. 5ஆம் பதிப்பில்தான் வந்தன. நான் மேலே சொன்னதற்கு உங்கள் பலகை ஒரு விதிவிலக்கு: ஏஇஎஸ் முழுவதையும் அது மென்பொருளிலேயே கணக்கிட வேண்டும். வயர்கார்டு பயன்படுத்தும் சாச்சா20 முறையோ, கூட்டல், சுழற்றல், எக்ஸார் ஆகிய எளிய செயல்களால் ஆனது என்பதால் இத்தகைய சிப்புகளில் வேகமாக ஓடுகிறது.

இரண்டாவது, நீங்கள் டிசிபி வழியாக ஓட்டியது. உள்ளே போகும் கோப்பிறக்கமும் டிசிபி, அதைச் சுமக்கும் டனலும் (விபிஎன் பாதையும்) டிசிபி. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் வெளி டிசிபி அதை மறுபடி அனுப்பும். அது வந்து சேரும் வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் நிற்கும். அந்தத் தாமதத்தைக் கண்ட உள் டிசிபி, பாக்கெட் தொலைந்துவிட்டது என்று தானும் மறுபடி அனுப்பத் தொடங்கும். ஏற்கெனவே திணறும் குழாயில் இரட்டிப்புச் சுமை ஏறும். இழப்பே இல்லாத இணைப்பில் இது தெரியாது. கைப்பேசி இணைப்பில் நன்றாகத் தெரியும்.

ஆகவே ஒப்பிட விரும்பினால் ஓப்பன்விபிஎன்னை யுடிபியில் (தொலைந்ததை மறுபடி அனுப்பாத நெறிமுறை) ஓட்டி ஒப்பிடுங்கள். 2023இல் வந்த 2.6 பதிப்பு, தரவுப் பாதையைக் கெர்னலுக்குள் தள்ளும் டிசிஓ வசதியை ஆதரிக்கிறது. அதற்கான கெர்னல் கூறு 2025இல் லினக்ஸ் 6.16இல் முறைப்படி சேர்ந்துவிட்டது. தரவுச் சுருக்கத்தை அணைத்து, ஏஇஎஸ்-ஜிசிஎம் அல்லது சாச்சா20-பாலி1305 குறியாக்கத்தைத் தேர்ந்தால்தான் அது வேலை செய்யும். டிசிஓ இயங்கும் கணினியில் வயர்கார்டுக்கும் ஓப்பன்விபிஎன்னுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுவதைக் காண்பீர்கள். இன்னொன்று, வயர்கார்டும் எங்கும் கெர்னலில் ஓடுவதில்லை. ஐபோனிலும் மேக்கிலும் ஓடுவது கோ மொழியில் எழுதப்பட்ட பயனர் வெளிப் பதிப்பே.

பழையசாவி:

ஐகேஇவி2 பற்றி யாராவது பேச வேண்டுமல்லவா, நான் பேசுகிறேன். அலுவலகத்தில் பல ஆண்டுகளாக அதைக் கட்டி மேய்ப்பவன் என்பதால் அதன் மீது எனக்கு அன்பும் உண்டு, கோபமும் உண்டு.

அன்புக்குக் காரணம் மோபைக். 2006இல் ஆர்எஃப்சி 4555 என்ற இணையத் தர ஆவணமாக வந்த நீட்டிப்பு இது. நீங்கள் வைஃபையை விட்டு வெளியேறி மொபைல் தரவுக்கு மாறும்போது உங்கள் ஐபி முகவரி மாறுகிறது. பழைய முறைப்படி இணைப்பு அறுந்து, மறுபடி சான்று காட்டி, புதிதாகத் தொடங்க வேண்டும். மோபைக் இருந்தால் கைப்பேசி, முகவரி மாறியதைச் சர்வருக்கு ஒரு செய்தியில் தெரிவிக்கிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சாவிகளுடன் டனல் அப்படியே தொடர்கிறது. தொலைபேசி அழைப்பு ஒன்று விபிஎன் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலைத் தாண்டி நடந்து போய்ப் பாருங்கள், ஒரு சொல் விழுங்கப்படும், அவ்வளவுதான். விண்டோஸ், மேக், ஐபோன், ஆண்ட்ராய்டு 11, அதற்குப் பிந்தைய கருவிகள் அனைத்திலும் ஐகேஇவி2 உள்ளமைந்தே வருகிறது. தனிச் செயலி நிறுவ வேண்டியதில்லை. தரவுப் பாதை கெர்னலில் ஓடுவதால் வேகத்திலும் குறையில்லை.

கோபத்துக்குக் காரணம் அதன் அமைப்புக் கோப்புகள். எந்தக் குறியாக்கம், எந்த ஹேஷ் (தரவின் சரிபார்ப்புச் சுருக்கம்), எந்த டிஃபி-ஹெல்மன் குழு (சாவிப் பரிமாற்றக் கணக்கின் அளவு) என்று இரு தரப்பும் பேரம் பேசித் தீர்மானிக்கும் நெறிமுறை இது. பேரம் படியாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது பொருத்தமான முன்மொழிவு இல்லை என்ற ஒற்றை வரிதான். படிந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து: விண்டோஸின் உள்ளமைந்த இணைப்பி, நாம் தலையிடாவிட்டால், 1024 பிட் டிஃபி-ஹெல்மன் குழுவை முன்மொழிகிறது. சர்வரில் அதை அனுமதித்து வைத்தால், பளபளப்பான நெறிமுறையின் பெயரில் பலவீனமான சாவிப் பரிமாற்றம் நடந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. பதிவகத்தில் ஒரு மதிப்பைச் சேர்த்தாலோ பவர்ஷெல்லில் இணைப்பின் கொள்கையை மாற்றினாலோ தவிர அது 2048க்கு உயராது.

தவிர, ஐகேஇவி2 யுடிபி 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டுகளையே வழக்கமாக நம்பியிருக்கிறது. விருந்தினர் வைஃபை ஒன்றில் அவை அடைக்கப்பட்டிருந்தால் கதை முடிந்தது.

நெடுவழி:

இருவருக்கும் நன்றி. என் ரௌட்டரின் பட்டியலில் பிபிடிபி, எல்2டிபி என்று இரண்டு பழைய விபிஎன் நெறிமுறைகளும் தெரிகின்றன. அவற்றைச் சோதிப்பதில் பொருள் உண்டா? பிபிடிபி எல்லாவற்றையும்விட வேகமானது என்று எங்கோ படித்தேன்.

பழையசாவி:

பூட்டாத கதவும் சீக்கிரம் திறக்கும். பிபிடிபி பயன்படுத்தும் எம்எஸ்-சேப் வி2 அடையாளச் சரிபார்ப்பை உடைப்பது ஒரேயொரு 56 பிட் டிஇஎஸ் சாவியைக் கண்டுபிடிப்பதற்குச் சமம் என்று 2012இலேயே செய்து காட்டினார்கள்; கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10இலிருந்து அதை நீக்கியது. எல்2டிபி தானாக எதையும் குறியாக்கம் செய்வதில்லை, ஐபிசெக்தான் அதற்குக் கவசம், ஐகேஇவி2இன் கவசமும் அதுவே. அப்படியிருக்க ஐகேஇவி2ஐயே நேரடியாக ஓட்டலாமே. இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

ஐயப்பாடு:

வயர்கார்டு ஏறத்தாழ 4000 நிரல் வரிகளே கொண்டது, ஆகவே பாதுகாப்பானது என்ற வாதம் இனிமேல் வரும் என்று எதிர்பார்க்கிறேன், அதனால் முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன். குறைந்த வரிகள் இருந்தால் தணிக்கை எளிது, அது உண்மை. ஆனால் அதன் பாதுகாப்புக்கு முதன்மைக் காரணம், பேரமே இல்லாத வடிவமைப்பு என்று நினைக்கிறேன். சாவிப் பரிமாற்றத்துக்குக் கர்வ்25519, குறியாக்கத்துக்குச் சாச்சா20-பாலி1305, ஹேஷுக்குப் பிளேக்2எஸ்: இவைதான், வேறு தேர்வு கிடையாது. பழையசாவி குறிப்பிட்ட 1024 பிட் விபத்து இங்கே நிகழ வழியே இல்லை. ஓப்பன்விபிஎன் நெடுங்காலம் ப்ளோஃபிஷ் குறியாக்கத்தை இயல்பிருப்பாக வைத்திருந்தது. அதன் தொகுதி 64 பிட் மட்டுமே என்பதால், ஒரே சாவியில் ஏறத்தாழ 32 ஜிகாபைட் ஓடினாலே தொகுதிகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும் என்பதை 2016இல் ஸ்வீட்32 தாக்குதல் காட்டியது. சுருக்கத்தை இயக்கி வைத்தால் என்ன கசியும் என்பதை 2018இல் வொராக்கிள் தாக்குதல் காட்டியது. இரண்டும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் தவிர்க்கக்கூடியவை. அந்த ஒரு வரியை எழுதாதவர்கள் நிறையப் பேர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேர்வு இல்லையென்றால், நாளை கர்வ்25519 வீழ்ந்தால் எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் நெறிமுறையின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். குவாண்டம் கணினிகளை எண்ணி அஞ்சுபவர்களுக்கு வயர்கார்டு தருவது, முன்கூட்டியே பகிர்ந்த கூடுதல் சாவி ஒன்றை மட்டுமே. ஐகேஇவி2 இதே பேரத் தன்மையால், ஒன்றுக்கு மேற்பட்ட சாவிப் பரிமாற்றங்களை அடுக்கும் முறையை 2023இல் ஆர்எஃப்சி 9370 மூலம் சேர்த்துக்கொண்டது. மேலும் வயர்கார்டில் ஒவ்வொரு கருவிக்கும் டனலுக்குள் நிலையான ஐபி முகவரி; அது கடைசியாக எங்கிருந்து பேசியது என்பது சர்வரின் நினைவகத்தில் இருக்கும். உங்கள் சொந்தச் சர்வருக்கு இது பொருட்டே இல்லை. ஊர் பேர் தெரியாதவரிடம் சந்தா கட்டி வாங்கும் சேவைக்கு, அவர் இதை எப்படிக் கையாள்கிறார் என்று கேட்க வேண்டும்.

நெறிமுறையைத் தாண்டிய ஓட்டையும் ஒன்று உண்டு. 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் தாக்குதலில், உள்ளூர் வலையமைப்பில் இருப்பவர் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் முறை) தரும் 121ஆம் விருப்பத்தைப் பயன்படுத்தி, டனலுக்குள் போக வேண்டிய போக்குவரத்தை அதற்கு வெளியே திருப்பிவிடுவார். டனல் இயங்கிக்கொண்டே இருக்கும், பூட்டுச் சின்னமும் தெரியும், தரவு மட்டும் வெளியே போகும். வயர்கார்டா ஓப்பன்விபிஎன்னா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆண்ட்ராய்டு மட்டும் தப்பித்தது, காரணம் அது அந்த விருப்பத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

கெர்னல்காரன்:

நண்பர் நெடுவழியின் உறைநிலைக்கு வருவோம். உள்நுழைய முடிகிறது, நீளமான பட்டியல் கேட்டால் உறைகிறது: இதைப் படித்தவுடன் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) என்று சொல்லத் தோன்றியது. சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, முழு அளவுப் பாக்கெட்டுகள் வழியில் சாகின்றன.

வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் பங்குக்கு 32 பைட் சேர்க்கிறது. யுடிபி தலைப்புக்கு 8. வெளியே பழைய முகவரி முறையான ஐபிவி4 என்றால் 20, புதிய முறையான ஐபிவி6 என்றால் 40. ஆக மொத்தம் 60 அல்லது 80. ஈதர்நெட்டின் 1500இலிருந்து 80ஐக் கழித்துத்தான் 1420 என்ற இயல்பு மதிப்பை வைத்திருக்கிறார்கள். இப்போது என் ஐயத்தைச் சொல்கிறேன்: உங்கள் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ முறையா (ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் முறை)? அப்படியானால் அதன் எம்டியு 1492. ஐபிவி4 வழியாக இணைந்தால் 1420உடன் 60 சேர்ந்து 1480, தாராளமாக நுழையும். ஐபிவி6 வழியாக இணைந்தால் 1420உடன் 80 சேர்ந்து 1500, எட்டு பைட் இடிக்கும். ஐபிவி6இல் இடைவழி ரௌட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை. அனுப்பும் கணினியே துண்டாக்கினாலும் அத்தகைய துண்டுகளைப் பல ஃபயர்வால்கள் வீசிவிடும். சில இடங்களில் மட்டும் கோளாறு வருவதற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம்: அங்கெல்லாம் உங்கள் சர்வரின் பெயர் ஐபிவி6 முகவரியாகத் தீர்க்கப்படுகிறது.

முதலில் இரு முனைகளிலும் டனலின் எம்டியுவை 1280 என்று வைத்துப் பாருங்கள். உறைவு நின்றால் நோய் உறுதி. அதற்குக் கீழே போகாதீர்கள், டனலுக்குள் ஐபிவி6 வேலை செய்யாது. பிறகு 1412க்கு உயர்த்துங்கள். சர்வர் வழியாக மற்ற வலைத்தளங்களுக்கும் போகிறீர்கள் என்பதால், டிசிபியின் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பாக்கெட்டில் அது அனுப்பும் தரவின் உச்ச அளவு) குறைக்கும் விதியையும் ஃபயர்வாலில் சேர்த்துவிடுங்கள். எதிர்முனைத் தளம், பாக்கெட் பெரிது என்று எச்சரிக்கும் ஐசிஎம்பி செய்திகளைத் தடுத்து வைத்திருந்தாலும் அப்போது சிக்கல் வராது. பழைய அமைப்பில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். டிசிபி டனல் தன் தரவை ஒரு நீரோட்டமாகவே அனுப்புகிறது. அதை எந்த அளவில் வெட்டுவது என்பதைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். மெதுவாக இருந்தாலும் முட்டாமல் ஓடியதன் ரகசியம் அது.

பழையசாவி:

கைப்பேசிச் சிக்கல் வேறு வகை. வயர்கார்டு பேச ஒன்றுமில்லையென்றால் பேசாது. டனலில் தரவு ஓடினால் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை சாவியைப் புதுப்பிக்கும், இல்லையென்றால் முழு அமைதி. பேட்டரிக்கு நல்லது, ஆனால் இடையில் உள்ள என்ஏடி ரௌட்டர் (பல கருவிகளை ஒரே பொது முகவரியில் இணைப்பது) அந்த அமைதியைப் பார்த்து, யுடிபி இணைப்பு முடிந்துவிட்டது என்று தன் அட்டவணையிலிருந்து அழித்துவிடும். முப்பது நொடிகளில் அழிக்கும் ரௌட்டர்களும் உண்டு. அதன்பின் சர்வர் அனுப்புவது கைப்பேசியை அடைய வழியில்லை. நீங்கள் எதையாவது திறந்தவுடன் அட்டவணையில் புதிய வரி உருவாகிறது, தேங்கியவை வந்து கொட்டுகின்றன. கைப்பேசியின் அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் மதிப்பை 25 என்று வையுங்கள், 25 நொடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட் ஒன்று போகும். பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

இன்னும் இரண்டை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். வயர்கார்டு சர்வரின் பெயரைத் தொடங்கும்போது ஒரே முறைதான் தீர்க்கிறது. உங்கள் வீட்டு முகவரி நள்ளிரவில் மாறினால், கைப்பேசி பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட வேண்டும், அல்லது பெயரை மறுபடி தீர்க்கும் சிறு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அடுத்தது கடிகாரம். இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு செய்தியிலும் நேரமுத்திரை இருக்கிறது, முன்பு வந்ததைவிடப் பழைய முத்திரையைச் சர்வர் ஏற்காது. பேட்டரியுடன் கூடிய கடிகாரம் இல்லாத பலகை, மின்தடைக்குப் பின் பழைய தேதியுடன் எழுந்து இணைப்பைத் தொடங்க முயன்றால், நேரம் சரியாகும் வரை எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கதவு மூடியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டேன்.

நெடுவழி:

முடிவுகளைத் தெரிவிக்கிறேன். வீட்டு இணைப்பு பிபிபிஓஇதான். 1280 வைத்தவுடன் உறைவு நின்றது. 1412இலும் உறைவு இல்லை. 1420க்குத் திருப்பி, ஐபிவி4 முகவரியை நேரடியாக எழுதிச் சோதித்தேன், கோளாறில்லை. ஐபிவி6 முகவரியை எழுதியவுடன் அதே அடைவு, அதே உறைவு. எட்டு பைட்டுக்காக ஒரு மாதம் அலைந்திருக்கிறேன். கைப்பேசி அறிவிப்புகளும் கீப்பலைவ் சேர்த்தபின் உடனுக்குடன் வருகின்றன.

ஓப்பன்விபிஎன்னை யுடிபிக்கு மாற்றி, சாச்சா20 குறியாக்கத்துடன் ஓட்டியும் பார்த்தேன். டிசிஓ இல்லாமலேயே பழைய வேகத்தைவிட நன்றாகக் கூடியது, ஆனாலும் வயர்கார்டை எட்டவில்லை. கெர்னல்காரன் சொன்னபடி ஒரு கரு மட்டும் முழுச் சுமையில் இருந்தது. ஐகேஇவி2ஐ இப்போதைக்குத் தொடவில்லை, இரண்டே கருவிகளுக்கு அத்தனை சான்றிதழ்களை உருவாக்கும் பொறுமை எனக்கில்லை.

ஓர் இடம் மட்டும் மிச்சம். நான் அடிக்கடி போகும் ஒரு நூலகத்தின் வைஃபையில் யுடிபி எதுவுமே வெளியேறுவதில்லை. அதற்காகப் பழைய டிசிபி 443 அமைப்பை அணைக்காமல் வைத்திருக்கலாமா?

ஐயப்பாடு:

வைத்திருங்கள், அதற்குத்தான் அது பயன்படும். ஆனால் வலைத்தளங்களுக்கான 443ஆம் போர்ட்டில் ஓடுவதால் அது சாதாரண எச்டிடிபிஎஸ் போலத் தோன்றும் என்று நம்பிவிட வேண்டாம். ஓப்பன்விபிஎன்னின் தொடக்கப் பாக்கெட்டுகளுக்கென்று தனி முகம் உண்டு. 2022இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பிலேயே வைத்துச் சோதித்து, 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஓப்பன்விபிஎன் இணைப்புகளை இனங்கண்டார்கள். வயர்கார்டின் முதல் செய்தியோ எப்போதும் 148 பைட். அதை அடையாளம் காண ஆய்வே தேவையில்லை. நூலகத்தின் ஃபயர்வால் போர்ட் எண்ணை மட்டும் பார்ப்பதாக இருந்தால் உங்கள் பழைய அமைப்பு போதும். அந்த அமைப்புக் கோப்பைத் திறந்து, குறியாக்கம் என்ற வரியில் இன்னும் ப்ளோஃபிஷ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நெடுவழி:

இருந்தது. மாற்றிவிட்டேன்.